முன்னூறு பங்குகளும் நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளும்

அத்தியாயம் 11

ரப்பர் பேண்ட் எங்கே என்று யாசுஹேய் கேட்டார். தேயிலை டப்பாவுக்குப் பின்னால் என்று ஃபுசாயே சமையலறையிலிருந்தே சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே இல்லையே என்று குரல் வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அங்கேதான் இருந்தது. இரண்டு எடுத்துக் கொடுத்தாள்.

புத்தாண்டு அட்டைகளில் உள்ளூருக்கு ஒரு கட்டு, வெளியூருக்கு ஒரு கட்டு. இரண்டையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, ஈரப்பனியில் தபால் ஆபீசுக்கு நடந்தார். திரும்பி வந்ததும் கமலா ஆரஞ்சு தின்னலாம், நீ உரிக்காதே, நீ உரித்தால் பிய்ந்து பிய்ந்து வரும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தார். தோல் அறுபடாமல் உரித்தார். பாதியை அவளிடம் கொடுத்தார்.

அது டிசம்பர் இருபத்து நாலாம் தேதி. அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவர் குளியலறை வாசலிலேயே விழுந்தார். இருபத்தாறாம் தேதி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். இருபத்தெட்டாம் தேதி எல்லாம் முடிந்து, வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திக் கலசமாக வீட்டுக்குத் திரும்பி வந்தார். நாற்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் கலசத்தைவிட, கடைசியாகத் தேடிக் கொடுத்த இரண்டு ரப்பர் பேண்ட்தான் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது.

முப்பதாம் தேதி, திங்கட்கிழமை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போய், மகள் சிகுசாவும் மகன் கட்சுயாவும் மட்டும் தங்கியிருந்தார்கள். சிகுசா கனசாவாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நர்ஸ். எதையும் முறைப்படி செய்கிறவள். கட்சுயா நகோயாவில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தான். எதையும் கணக்குப் போட்டுச் செய்கிறவன். காலையிலிருந்து அவன் போனை வைத்துக்கொண்டு பங்கு விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்கு என்றால் அப்பாவின் பங்கு. தபால் கம்பெனியை அரசாங்கம் பொதுஜனங்களுக்கு விற்றபோது, மீன் பணியார ஆலையில் மெஷின் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு யாசுஹேய் முன்னூறு பங்கு வாங்கிப் போட்டார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சண்டையை ஆரம்ப அத்தியாயங்களில் பார்த்தோம். வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கிற்று. பாதியாயிற்று. பிறகு மெல்ல மெல்ல ஏறி, ஒன்பது வருடம் கழித்து, இந்தக் குளிர்காலத்தில்தான் வாங்கிய விலைக்கே வந்து நின்றது.

ஜனங்கள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டார்கள் என்று கட்சுயா வருடா வருடம் அப்பாவுக்கு எடுத்துச் சொல்வான். அந்தக் கம்பெனி பிழைப்பதே வங்கியாலும் காப்பீட்டாலும் பார்சலாலும்தான் என்பான். அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா. சிவப்பு வண்டி வாசலுக்கு வருதா இல்லையா?"

வருவது நிற்காமலிருக்கத் தன்னால் ஆனதையும் அவர் செய்தார். லாபப் பங்காக வந்த பணத்தில் புத்தாண்டு அட்டை வாங்கினார். எழுதுவதை யாராவது நிறுத்தினால், அந்த இடத்தில் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். பல் டாக்டர், பழைய ஆலை வாட்ச்மேன், ஒரே ஒரு தடவை ரயிலில் பேசிக்கொண்டு வந்தவர். கம்பெனிக் கூட்டத்துக்கு ஓட்டுப் போட்டு அனுப்பும் அட்டைக்குத் தபால்தலை தேவையில்லை என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அதன்மேலும் ஒரு தபால்தலை ஒட்டுவார். நம்ம கம்பெனிக்கு நாமே நஷ்டம் வைப்பதா என்பார்.

மதியம் இரண்டு மணிக்கு சிகுசா அப்பாவின் மேஜையைத் திறந்தாள். சாவுச் செய்தி யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பார்க்க விலாச நோட்டு வேண்டியிருந்தது. நோட்டு கிடைத்தது. காலி அட்டை உறைகளும் கிடைத்தன. அவள் கை அப்படியே நின்றது.

"அம்மா, அப்பா புத்தாண்டு அட்டையெல்லாம் எங்கே?"

போட்டாயிற்று, இருபத்து நாலாம் தேதியே போட்டாயிற்று என்று ஃபுசாயே சொன்னாள். சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. துக்க வீட்டிலிருந்து அந்த வருடம் புத்தாண்டு வாழ்த்து போகக் கூடாது. வந்தால் வாங்கிக்கொள்ளவும் கூசும். இங்கேயோ, தபால் ஆபீஸ் சேர்த்து வைத்து ஒன்றாகக் கொண்டுவந்து போடும் ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், நேற்று முன்தினம் எரித்த மனிதர் புத்தாண்டு வாழ்த்துகள் என்று சொல்லப் போகிறார்.

"அத்தை வீட்டுக்கும் போயிருக்கும்" என்றாள் சிகுசா. சுமியே அத்தை யாசுஹேயின் அக்கா. சாவு வீட்டில் செருப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்குக்கூட விதி வைத்திருப்பவள்.

தபால் ஆபீசில் எழுதிக் கொடுத்தால் போட்டதைத் திரும்ப எடுக்கலாம், அதற்கு முறை இருக்கிறது, ஆனால் இன்று ஐந்து மணியோடு கவுண்டரை மூடினால் நாலாம் தேதிவரை திறக்க மாட்டார்கள் என்றாள் சிகுசா. இப்போதே கிளம்ப வேண்டும் என்று கோட்டை எடுத்தாள்.

கட்சுயாவுக்கும் இன்றைக்குத்தான் அவசரம். வருடத்தின் கடைசிச் சந்தை நாள். மூன்றரை மணிக்கு மூடினால் அடுத்து ஜனவரி ஆறாம் தேதி. அப்பாவின் பாஸ்வேர்டு காலண்டருக்குப் பின்னால் எழுதியிருந்தது. அவர் இறந்த செய்தி தரகு அலுவலகத்துக்குப் போய்விட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அப்புறம் பத்து காகிதம், பத்து முத்திரை. அதற்கு முன்னால் விற்றுவிடுவது நல்லது என்றான். ஒன்பது வருடம் கழித்து நஷ்டமில்லாமல் வெளியே வர ஒரு வாசல் திறந்திருக்கிறது, தபால் என்பது இனி ஏறுகிற தொழில் இல்லை, அம்மாவுக்கு இது தேவையில்லாத பாரம் என்றான். அவன் சொன்னதில் பாசம் இல்லாமல் இல்லை.

ஃபுசாயே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செத்தவர் வாழ்த்துச் சொல்லக் கூடாதுங்கறா இவ. செத்தவர் ஷேர் விக்கலாம்ங்கறான் இவன். ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் அடுப்பைப் பார்க்கறேன்."

அடுப்பில் ஒன்றும் இல்லை. சமையலறைக்குள் போய்ச் சும்மா நின்றாள். புத்தாண்டுக்கென்று அவர் சொல்லி வைத்து வாங்கிய புரி மீன் துண்டங்கள் ஃப்ரிட்ஜில் அப்படியே இருந்தன.

சிகுசா பின்னாலேயே வந்தாள். அவள் கையில் இன்னொன்று இருந்தது. விலாச நோட்டுக்கு நடுவில் செருகியிருந்ததாம். ஸ்டிக்கர் தாள் ஒன்று. எழுதுபொருள் கடையில் இப்போது அமோகமாக விற்கிறது. 'இந்த ஆண்டுடன் புத்தாண்டு அட்டை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை காலம் காட்டிய அன்புக்கு நன்றி.' வாசகம் அச்சடித்தே வரும். அட்டையின் ஓரத்தில் ஒட்டிவிட்டால் போதும், உறவு மரியாதையாக முடிந்துவிடும். அப்படி ஒட்டி அனுப்பியவர்களை யாசுஹேய் கட்சி மாறினவர்கள் என்பார்.

அவர் மேஜையில் அந்தத் தாள் இருந்தது. பன்னிரண்டு ஸ்டிக்கரில் ஒன்று உரித்திருந்தது.

"யாருக்கும்மா இருக்கும்?" என்றாள் சிகுசா.

ஃபுசாயேவுக்கு ஒரு பெயர்தான் தோன்றிற்று. விலாச நோட்டின் கடைசிப் பக்கத்தில், நூற்றுப் பன்னிரண்டாவதாக எழுதியிருந்த பெயர். அவளுடைய பெயர். அதே வீடு, அதே விலாசம்.

பங்கு வாங்கிய வருடத்திலிருந்து அவர் அவளுக்கும் அட்டை போட்டுவந்தார். ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறவர், தபால் ஆபீசுக்குப் போய்ப் போடுவார். ஒன்றாம் தேதி அவரே போய்ப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, ஃபுசாயே, உனக்குத் தபால் என்பார். போன வருடம் எழுதியிருந்தது இது: 'சென்ற ஆண்டு மூன்று குடைகளைத் தொலைத்தேன். இந்த ஆண்டு இரண்டோடு நிறுத்த முயல்கிறேன்.' எண்ணிக்கைக்காகத்தான் எனக்கும் எழுதுகிறீர்கள், கம்பெனிக்கு ஒரு அட்டை கூட விற்க வேண்டும் என்று, என்பாள் ஃபுசாயே. ஆமாம் என்பார். ஒன்பது அட்டைகளும் அவளுடைய தையல் பெட்டிக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

இந்த வருடம் அட்டைக் கட்டணம் ஏறியபோது, நவம்பரில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: எனக்குப் போடுவதையாவது நிறுத்துங்கள், வெட்கமாக இருக்கிறது. சரி என்றார். சூப்பைக் குடித்தார்.

சரி என்றவர் செய்துவிட்டாரா? நாற்பத்து நாலு வருடத்துக்கு அவர் சொல்லிப்போன கடைசி வார்த்தை, கடையில் வாங்கிய ஸ்டிக்கரில் இருக்கிற வார்த்தையா?

"நானும் வரேன்" என்று ஃபுசாயே கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

தபால் ஆபீசில் வரிசை இல்லை. முன்பெல்லாம் டிசம்பர் முப்பதாம் தேதி உள்ளே நுழைய முடியாது. கவுண்டரில் மினோவா இருந்தாள். ஐம்பது வயசு, கணீரென்ற குரல். தலை நிமிர்ந்ததும் முகம் மாறிற்று. செய்தி காதுக்கு வந்திருந்தது. எழுந்து வெளியே வந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக் குனிந்தாள்.

"மொதலாளி இருபத்து நாலாம் தேதிகூட வந்து சண்டை போட்டுட்டுப் போனாரும்மா" என்றாள்.

பங்குதாரர் என்று ஒருமுறை அவர் வாயைவிட்டதிலிருந்து இந்த ஆபீசில் அவருக்கு அதுதான் பெயர். அன்றைக்கும் வியாபாரம் எப்படி என்று விசாரித்தாராம். போன வருடத்தைவிடக் குறைவு என்று மினோவா சொன்னதற்கு, நீ கவுண்டரில் சிரிக்காமல் உட்கார்ந்தால் குறையாமல் என்ன செய்யும் என்றாராம்.

சிகுசா விஷயத்தைச் சொன்னாள். மினோவா கேட்டுக்கொண்டாள். வெளியூர்க் கட்டு அன்றே போய்விட்டது, போன ஊருக்கெல்லாம் சொல்லி நிறுத்திப் பார்க்கலாம், உத்தரவாதம் இல்லை. உள்ளூர்க் கட்டு உள்ளேதான் பிரித்து வைத்திருக்கிறது, எடுத்துத் தந்துவிடலாம். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு விண்ணப்ப பாரத்தில் பெயரும் விலாசமும் எழுதித் தர வேண்டும். அனுப்பியவருக்கு நீங்கள் என்ன உறவு என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

சிகுசா நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தாள். ஃபுசாயே பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்பது வருடத்துக்கான கட்டங்கள். பதில் வந்தால் வட்டம், வராவிட்டால் பெருக்கல் குறி. முதல் பக்கத்தில் வட்டங்கள்தான் அதிகம். போகப் போகப் பெருக்கல் குறிகள். நாலு வருடம், ஐந்து வருடம் தொடர்ந்து பெருக்கல் குறி வாங்கியவர்களுக்கும் இந்த வருடம் எழுதியிருந்தார். கட்சி மாறியவர்களையும் அவர் கைவிட்டிருக்கவில்லை.

"எனக்கு ஒரு பாரம் குடுங்க" என்று ஃபுசாயே மினோவாவிடம் கேட்டாள்.

பெறுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அனுப்புபவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். இந்த ஒரு அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் போதும். ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

மினோவா எட்டிப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள்.

"உங்க அட்டையா? வருஷா வருஷம் உங்களுதத்தான் கட்டுக்கு மேல வெப்பாரு. இது மொதல்ல போகணும்பாரு. இந்தத் தடவை அடியில வெச்சிருந்தாரு."

ஃபுசாயே நிமிர்ந்தாள்.

"ஏன் மொதலாளி, வீட்டுல சண்டையான்னு கேட்டேன். மொதல்ல போனா திட்டறா. எல்லாத்துக்கும் கடைசியா போகட்டும், மத்தவங்க எழுதினதெல்லாம் படிச்சு மனசு எளகியிருக்கும்போது கையில கிடைக்கும்னாரு." மினோவா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உள்ள மெஷின் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடும்மா. மேல வெச்சாலும் அடியில வெச்சாலும் ஒண்ணுதான். ஒம்பது வருஷமா அவருகிட்ட அதைச் சொல்ல எனக்கு மனசு வரல."

ஃபுசாயேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து நாளில் முதல் சிரிப்பு. முன்னூறு பங்கு வைத்திருந்த மனிதருக்குக் கம்பெனிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தது இவ்வளவுதான். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. சிகுசா பேனாவை வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

கடைசியாகக் கிடைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததை முதலில் பிடுங்கிப் பார்ப்பதா? ஃபுசாயே பாரத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். சிகுசா எழுதியிருந்த பதினாறு பாரங்களையும் எடுத்து அடுக்கினாள்.

"எதையும் எடுக்க வேண்டாம். போகட்டும்."

"அம்மா, அத்தை என்ன சொல்லுவாங்க?"

"எழுதினப்ப உங்கப்பா உயிரோடதானே இருந்தாரு? வாழ்த்தினப்பவும் உயிரோடதான் இருந்தாரு. அதைத் திரும்ப வாங்க நான் யாரு?"

சிகுசாவுக்கு முறையை விட்டுக்கொடுக்க மனமில்லை. பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். ஜனவரி ஏழாம் தேதி கழிந்து, புத்தாண்டு வாசல் அலங்காரங்களை எல்லாரும் எடுத்த பிறகு, குளிர்கால நலம் விசாரித்து எழுதும் அட்டை ஒன்று உண்டு. அதில் செய்தியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம். அப்பா வாழ்த்து யார் யாருக்குப் போகிறதோ அவர்கள் எல்லாருக்கும், பெருக்கல் குறிக்காரர்களுக்கும் சேர்த்து.

ஃபுசாயே சாதாரண அட்டைகள் கேட்டாள். மினோவா நோட்டைப் பார்த்தாள்.

"நூத்திப் பன்னெண்டா?"

"நூத்திப் பதினொண்ணு. எனக்கு நானே எழுதிக்க வேண்டாம்."

மினோவா இரண்டு தடவை எண்ணி, காகித உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். கட்டிவைக்க ரப்பர் பேண்ட் வேண்டுமா என்று கேட்டாள். வீட்டில் இருக்கிறது என்றாள் ஃபுசாயே.

"நன்றி மொதலாளியம்மா" என்றாள் மினோவா. ஃபுசாயே குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

வழியில் சிகுசாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு ஸ்டிக்கர் யாருக்கு என்றாவது பார்த்திருக்கலாமே என்றாள்.

"ஒண்ணாம் தேதி தெரிஞ்சிடும்."

"உனக்கு இல்லேன்னா?"

"அப்ப மத்த நூத்திப் பதினோரு பேர்ல யாராவது சொல்லுவாங்க. கேட்டு எழுதறதுக்கு ஒரு சாக்கு ஆச்சு." சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்த பாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்கே இருந்தாலும் பரவால்லடி. நான்தானே நிறுத்தச் சொன்னேன்."

பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தில் சிகுசா குடையை அம்மா பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். கட்சுயா விளக்கைப் போடாமல் கலசத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அடுப்பு மூட்டி இரண்டு துண்டு புரி மீனை வறுத்துத் தின்றிருந்தான். வாசனை வீடெல்லாம் இருந்தது. துக்கத்தில் மீன் ஆகாது என்று சிகுசா ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"வித்துட்டியாடா?" என்றாள் ஃபுசாயே. கோபமாகக் கேட்கவில்லை. விற்றிருந்தாலும் அவன் இவளுக்காகத்தான் விற்றிருப்பான்.

கட்சுயா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாஸ்வேர்டு போட்டதும் உள்ளே போயிடுச்சும்மா. 'யாசுஹேய் அவர்களே, வருக'ன்னு வந்துச்சு. அதுக்குக் கீழே, கடைசியா வந்தது டிசம்பர் இருபத்து நாலு, காலையில ஆறு பன்னெண்டுன்னு போட்டிருந்துச்சு." அவன் மூக்கை உறிஞ்சினான். "தெனமும் எழுந்ததும் பார்த்திருக்காரும்மா. விக்கறதுக்கு இல்ல, சும்மா. நான் அதையே பார்த்துட்டு இருந்தேன். மூணரை ஆயிடுச்சு."

அப்போதும் அவன் கணக்கு மாறவில்லை. தபால் இறங்குமுகம்தான், அடுத்த வருடம் இந்த விலை இருக்குமா என்று தெரியாது, நஷ்டம் வந்தால் என்னைத் திட்டக் கூடாது என்றான். திட்டுவேன் என்றாள் ஃபுசாயே. பத்து காகிதமும் பத்து முத்திரையும் வரட்டும், எல்லாவற்றையும் முறைப்படி என் பெயருக்கே மாற்று, ஜூனில் ஓட்டுப் போடும் அட்டை எனக்கு வரட்டும் என்றாள். அதற்குத் தபால்தலை ஒட்டக் கூடாதும்மா என்றான் கட்சுயா. பார்க்கலாம் என்றாள்.

நூற்றுப் பதினோரு அட்டைகளைக் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஊதுபத்தி ஏற்றினாள். தேயிலை டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு ரப்பர் பேண்ட் எடுத்துக் கட்டுக்குப் போட்டாள். கூடத்தில் போன் அடித்தது. எண்ணைப் பார்த்த சிகுசா, சுமியே அத்தை என்று உதட்டை அசைத்தாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எடு" என்றாள் ஃபுசாயே. "நான் பேசறேன்."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வருடத்தின் சந்தை முடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. முன்னூறு பங்குகளும் யாசுஹேய் பெயரிலேயே இருந்தன.